ஒரு மீட்டர் கயிறு

“அப்படின்னா நீங்களே போட்டுக் காட்டுங்க, ப்ரோஃபே” என்று மரிசெல் பேராசிரியரிடம் சாக்பீஸை நீட்டினாள்.

தேர்வு மேசையில் கேட்கவே கூடாதது ஒன்று உண்டென்றால் அது இதுதான். துணை ஆசிரியையாக அவள் சேர்ந்த முதல் நாளே பேராசிரியர் ஃப்ரியாஸ் சொல்லிவிட்டார். “மாணவன் முன்னால நாம மூணு பேரும் ஒரே வாய், மகளே. அவன் வெளிய போனப்புறம் எவ்வளவு வேணா அடிச்சுக்கலாம். அவன் நிக்கிறப்ப ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்கக் கூடாது.” அவள் அம்மா சொன்னது இதைவிடப் பழைய கட்டளை. எலுமிச்சை தரம் பிரிக்கும் கூடத்தில் இருபது வருஷம் நின்றே கால் வீங்கிப்போனவள் அவள். மகள் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிய அன்று பேருந்து நிறுத்தத்தில் காதோடு சொன்னாள்: “அங்க யார்கிட்டயும் எதையும் கேட்டுடாதே. உள்ள விட்டதே பெரிசு.”

பேராசிரியர் சாக்பீஸை வாங்கவில்லை. மேசையில் திறந்து கிடந்த தன் பாடக்குறிப்புகளின் மஞ்சள் கோப்பைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. மார்ச் மாதத்துத் துக்குமான் நகரில் அது காற்றைத் தருவதில்லை, இருக்கிற புழுக்கத்தைக் கலக்கிவிடும், அவ்வளவுதான்.

பலகைக்கு முன்னால் நின்றிருந்தவர்தான் முதலில் பேசினார். “விடுங்க, செஞ்ஞோரித்தா. தப்பு என்னோடதுதான். இது என் மண்டையில ஏறாது.” சொல்லிக்கொண்டே தான் எழுதிய கடைசி வரியை உள்ளங்கையால் அழிக்கத் தொடங்கினார்.

“அழிக்காதீங்க, தோன் ஹசிந்தோ!”

அவள் குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. அவர் கை அப்படியே நின்றது. பாதி வரி அழிந்திருந்தது.

ஹசிந்தோ மெதினாவுக்கு ஐம்பத்தொரு வயது. மின்கம்பங்களில் ஏறும் லைன்மேன். கழுத்து மட்டும் வெயிலில் கருத்து, சட்டைக் கழுத்துக்குக் கீழே வேறொரு ஆளைப் போல வெளுத்திருப்பார். பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக வேண்டும் என்று முப்பது வயதுக்கு மேல் சேர்ந்தவர். வருஷத்துக்கு ஒன்று, இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று பாடங்களை முடித்துக்கொண்டே வந்து, எல்லாம் முடிந்து இது ஒன்றுதான் பாக்கி. பழைய பாடத்திட்டம் இந்த மாதத்தோடு காலாவதி. இன்று தேறினால் பட்டம். தேறாவிட்டால் புதிய திட்டத்தில் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபது வருஷம் தண்ணீரில் போட்ட உப்பு. அறையில் இருந்த நால்வருக்கும் இது தெரியும். அதனால்தான் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எந்தப் பாடத்தில் கேள்வி என்று தீர்மானிக்கக் காலையில் கம்பிக்கூடையைச் சுழற்றி, எண் போட்ட மரக்குண்டை எடுத்தபோது அவருக்கு ஏழாம் எண் வந்தது. பிம்ப முறை.

“ஏழு உங்க வீட்டு நாய் மாதிரி, தோன் ஹசிந்தோ” என்றார் மேசையின் மூன்றாவது ஆள், டாக்டர் கோர்பலான். “டிசம்பர்லயும் உங்களைப் பார்த்துத்தான் ஓடி வந்துச்சு.”

“கடிக்காம இருந்தாச் சரி, டாக்டர். போன தடவை பிடுங்கிடுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். மரிசெல் மட்டும் சிரிக்கவில்லை. டிசம்பரில் அவர் ஏழாம் எண்ணில்தான் தோற்றார் என்பது அவளுக்குத் தெரியும். ஏன் தோற்றார் என்பதும் தெரியும்.

கணக்கு எல்லோரும் அறிந்த கணக்கு. அகலமான ஓர் உலோகத் தகடு, தரையோடு இணைத்தது. அதற்கு மேலே கொஞ்ச உயரத்தில் ஒரு மின்னூட்டம். மேலே இருப்பது கீழே தகட்டில் எதிர்மின்னூட்டத்தை இழுத்துச் சேர்க்கும். அது எங்கே எவ்வளவு சேர்ந்தது என்று ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டப் புகுந்தால் பிராணன் போய்விடும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. தகட்டை எடுத்துவிடு. கண்ணாடியில் முகம் தெரிவதுபோல, மேலே எவ்வளவு உயரமோ அதே ஆழத்தில் கீழே ஓர் எதிர்மின்னூட்டம் இருப்பதாக வைத்துக்கொள். தகட்டுக்கு மேலே எல்லாம் அச்சுப் பிசகாமல் சரியாக வரும்.

ஹசிந்தோ இதையெல்லாம் பலகையில் அழகாகப் போட்டார். அவர் கோடு இழுப்பதே கம்பி இழுப்பது மாதிரி இருக்கும், நடுவில் தொய்யாது.

“கீழ நெசமா ஒண்ணும் இல்ல, ப்ரோஃபே. ஆனா இருக்குன்னு வெச்சுக்கிட்டா மேல பொய் வராது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும், கீழ போய்ப் பார்க்கக் கூடாது. பார்த்தா அங்க வெறும் உலோகம்தான்.”

பேராசிரியருக்கே முகம் மலர்ந்துவிட்டது. விசையைக் கேட்டார். ஹசிந்தோ அளவைச் சரியாக எழுதினார். “சரி, ஆற்றல்?” என்றார் பேராசிரியர்.

ஹசிந்தோ கொஞ்ச நேரம் சாக்பீஸை விரல்களுக்கிடையில் உருட்டினார். உதடு அசைந்தது, மனப்பாடம் செய்ததைத் தேடுகிறார் என்று மரிசெல்லுக்குப் புரிந்தது. பிறகு கை தானாகவே எழுதியது. இரண்டு மின்னூட்டங்களுக்கு உள்ள ஆற்றலை எழுதி, முன்னால் பாதி என்று போட்டது.

பேராசிரியர் மஞ்சள் கோப்பைப் புரட்டினார். முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வாடியது, அவர் கெட்ட மனுஷர் இல்லை. “மறுபடியும் அதே பாதி, தோன் ஹசிந்தோ. டிசம்பர்ல சொன்னேனே. ஏன் பாதி?”

“தெரியல, ப்ரோஃபே. நோட்டுல முழுசாத்தான் இருக்கு. வீட்டுல முப்பது தடவை முழுசா எழுதிப் பார்த்தேன்.” வெட்கத்தோடு சிரித்தார். “ஆனா இந்த மேல இருக்கிறதை நான்தானே கயித்துல கட்டி இறக்கறேன்? நான் ஒரு மீட்டர் கயிறு விட்டா அது ஒரு மீட்டர் இறங்குது. அதே நேரம் கீழ இருக்கிறதும் தானா ஒரு மீட்டர் ஏறி வருது. இடைவெளி ரெண்டு மீட்டர் குறைஞ்சிடுது, ஆனா என் கையில போனது ஒரு மீட்டர் கயிறுதான். கீழ இருக்கிறதை யாரும் கட்டி இழுக்கல. அப்புறம் ரெண்டு ஆள் வேலைன்னு எப்படி எழுதறது... கை ஓட மாட்டேங்குது.”

“கோப்புல அப்படி இல்லையே” என்றார் பேராசிரியர். வருத்தமாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் மரிசெல் எழுந்து போய் சாக்பீஸை எடுத்து நீட்டினாள்.

“தோன் ஹசிந்தோ” என்றார் பேராசிரியர் கடைசியில். “கொஞ்சம் வெளிய இருங்க. கூப்பிடறோம்.”

அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். போகிற போக்கில் மரிசெல்லிடம் மெல்ல, “எனக்காக வம்பு வேண்டாம், செஞ்ஞோரித்தா. உங்களுக்கு வயசு இருக்கு” என்றார். கதவு சாத்திக்கொண்டது.

“ஏய் ஒல்லி, உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?” என்றார் கோர்பலான். மாணவியாக இருந்த நாளிலிருந்து அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “அவர் முன்னாலயா கேட்பாங்க?”

“அவர் முன்னாலதானே தப்புன்னு சொன்னீங்க?”

பேராசிரியர் மஞ்சள் கோப்பை மூடி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

அந்தக் கோப்பு இல்லாமல் மரிசெல் இல்லை. ஒரு வெளிநாட்டுப் புத்தகம் வாங்க ஒரு மாதச் சம்பளம் போதாதிருந்த காலத்தில், அவர் விடுமுறை முழுக்கத் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அடித்த பாடக்குறிப்புகள் அவை. நகல் எடுத்துக் கொள்ளுங்கள், ஒருவர் நகலிலிருந்து இன்னொருவர் நகல் எடுங்கள் என்று விட்டுவிட்டார். நகலின் நகலின் நகலில்தான் அவள் படித்தாள். ஓரங்கள் கருத்து, சில எழுத்துகள் கரைந்துபோன தாள்கள். சமையலறை மேசையில் அம்மா வெங்காயம் நறுக்குகிற பக்கத்திலேயே அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு படித்தாள். அம்மாவுக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. ஆனாலும் தாளில் தண்ணீர் தெறித்தால் சமையல் மேலங்கி நுனியால் ஒற்றி எடுப்பாள்.

பேராசிரியர் எழுந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு பலகைக்குப் போனார். இரண்டு பேரையும் பார்க்காமல் முதலிலிருந்து தொடங்கினார். வெகு தொலைவிலிருந்து மின்னூட்டத்தைக் கொண்டுவருவது. ஒவ்வோர் உயரத்திலும் என்ன விசை. சிறிது சிறிதாகக் கூட்டல். எழுபது வயதை நெருங்கும் அந்தக் கை வேகமாகவே எழுதியது. நாலாவது வரியின் முன்னால் அதே ‘பாதி’ வந்து நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேலதான் மின்புலம் இருக்கு” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. “தகட்டுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. ரெண்டு மின்னூட்டம்னா எல்லா இடத்துலயும் புலம் இருக்கும். இங்க பாதி இடத்துலதான். கண்ணை மூடிட்டுச் சொல்லியிருக்கலாம். பாதி. பாதியேதான்.” திரும்பினார். “எப்படி விட்டேன் இதை?”

“இருபத்திரெண்டு வருஷமா யாரும் கேட்கல, ப்ரோஃபே.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

இதற்குத்தான் அவள் பயந்தாள். “போன ஜூன். பயிற்சி வகுப்புக்குப் போட்டுப் பார்த்தப்போ.”

“ஜூன்.”

“ஆமா. அப்புறம் டிசம்பர் வந்துச்சு. அவர் இந்தக் கணக்குல தோத்துட்டாருன்னு கோர்பலான் காப்பி குடிக்கிறப்ப சொன்னாரு. நான் ரொட்டியைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல.” சொல்லச் சொல்ல அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. “நானும் தேர்வுல முழுசுன்னுதான் எழுதினேன். உங்க நோட்டுல இருந்த மாதிரி. பத்துக்குப் பத்து போட்டீங்க.”

பேராசிரியர் சிரித்தார். இப்படியொரு நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வரும் என்று அவள் நினைக்கவில்லை. “பத்தைத் திருப்பித் தர்றியா?”

“எடுத்துக்குங்க.”

“வெச்சுக்கோ. நானே தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டு நானே எப்படிப் பிடுங்கறது?”

மறுபடி உட்கார்ந்தபோது அவர் கிழவராகிவிட்டிருந்தார். கோர்பலான் எழுந்துபோய்க் குடுவையிலிருந்து வெந்நீர் ஊற்றி மாத்தே என்னும் இலைத்தேநீர் கலந்து, முதலில் அவருக்குக் கொடுத்தார். அவர் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சித் திருப்பித் தந்தார்.

“சரி” என்றார் கோர்பலான், பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து. “எளிசா முடிச்சிடலாம். நாலு போடறேன். நாலுன்னா தேறிட்டாரு. பட்டத்தோட வீட்டுக்குப் போறாரு. இன்னிக்கு அடுப்புல கறி வெச்ச எம்பனாதா வேகும், பெண்டாட்டி அழுவாங்க, எல்லாரும் சந்தோஷம்.”

“நோட்டை அச்சுக்குப் போறதுக்குள்ள திருத்திடறேன்” என்றார் பேராசிரியர். ஜூலையில் அவருக்கு ஓய்வு. அந்த விழாவுக்காகத்தான் மஞ்சள் கோப்பைப் பல்கலைக்கழகம் புத்தகமாகப் போடுகிறது. “யாருக்கும் தெரிய வேண்டாம். ஒரு வரிதானே மகளே.”

“அவருக்கும் தெரிய வேண்டாமா?”

கோர்பலான் பேனாவைத் திறந்தார்.

“நாலுன்னா அவர் என்ன நினைப்பாரு தெரியுமா?” என்றாள் மரிசெல். “பாவம் பார்த்துப் போட்டாங்கன்னு நினைப்பாரு. போஸ்ட்மரத்துக்கு மேல உட்கார்ந்து மூணு மாசம் இதையே யோசிச்சிருக்காரு, ப்ரோஃபே. யாரும் சொல்லிக்கொடுக்காம, நோட்டு வேற மாதிரி சொல்லியும், கயித்தை வெச்சுச் சரியாப் பிடிச்சிருக்காரு. நம்ம மூணு பேர்ல ஒருத்தருக்கும் இப்படிச் சொல்ல வரல. அப்படிப்பட்ட ஆளு தன் மண்டை மட்டமான மண்டைன்னு நினைச்சுக்கிட்டு இங்கிருந்து போகப்போறாரு.”

“பட்டம் கிடைக்குதுல்ல?”

“கிடைக்குது. அடுத்த வருஷம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துல நிப்பாரு. யாரோ ஒரு பொண்ணு பாதின்னு எழுதுவா. இவர் என்ன பண்ணுவாரு? உங்க புத்தகம் சொல்றதை நம்புவாரு, தன் கையை நம்ப மாட்டாரு. தப்புன்னு கோடு போட்டு அடிச்சுடுவாரு.”

“புத்தகத்தைத் திருத்திடறேன்னு சொல்றேனே.”

“அவரைத் திருத்தலையே.”

கோர்பலான் பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார், ஆனால் பேராசிரியருக்குக் கேட்காத அளவு இல்லை. “ஒல்லி, உன் வேலை இந்த மாசம் முப்பத்தொண்ணோட முடியுது. நீட்டிக்கணும்னா யார் கடிதம் வேணும்னு உனக்குத் தெரியும். அம்மாவை எலுமிச்சைக் கூடத்து வேலையிலேருந்து நிறுத்திட்டேன்னு போன வாரம்தானே சொன்னே? யோசி.”

யோசித்தாள். யோசிக்காமல் இல்லை. வாடகை அறையை யோசித்தாள், அம்மா முதல் தடவையாக வாரநாள் மதியம் தூங்கப் பழகிக்கொண்டிருப்பதை யோசித்தாள். பேராசிரியரைப் பார்த்தாள். கடிதம் எழுதுவேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

அவரைத் திட்டத் தோன்றியது. கூடவே, எழுந்துபோய் அந்தத் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இருபத்திரெண்டு வருஷம் தன் பிள்ளைகளைப் போல நினைத்து மற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தன் விடுமுறைகளைச் செலவழித்த மனுஷர். அந்தக் கோப்பில் எழுநூறு சூத்திரங்களாவது இருக்கும். எல்லாம் சரி, ஒன்று தப்பு. அந்த ஒன்றில் எத்தனை பேர் தங்கள் கையையே நம்பாமல் அழித்துவிட்டுப் போனார்களோ.

“ஜூலை வரைக்கும் பொறு” என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடியே. “விழா முடியட்டும். நானே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். நிஜமாத்தான் சொல்றேன்.”

“நம்பறேன், ப்ரோஃபே. நீங்க போவீங்க. ஆனா நானும் போன ஜூன்ல அப்புறம் சொல்லிக்கலாம்னுதான் நினைச்சேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பதிவேட்டை அவள் தன் பக்கம் திருப்பினாள். மூன்று கையெழுத்துக்கு மூன்று கோடுகள். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில், மேசையில் ஒருவர் உடன்படாவிட்டால் எழுதுவதற்கென்று நீளமான ஒரு கட்டம். அந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்திலும் அந்தக் கட்டத்தில் மை பட்டதில்லை. அவள் எழுதினாள்: என் மதிப்பெண் எட்டு. ஆற்றல் பற்றி மாணவர் தந்த விடை சரி. கோப்பில் உள்ளது தவறு. டிசம்பரில் அவர் தந்த விடையும் சரி. கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

கோர்பலான் படித்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “டிசம்பர் வேறயா. நாசமாப் போச்சு.”

பேராசிரியர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பதிவேட்டை அருகில் இழுத்து மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு சொல்லாக விரல் நகர்ந்தது. இரண்டாம் தடவையும் வாசித்தார்.

“எட்டு ஏன்?” என்றார். “அந்த விளக்கத்துக்கு ஒன்பது போடலாமே.”

“விசைக்குத் திசை குறிக்கல. எட்டுதான்.”

அவர் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பேனா மூடியைத் திறக்கவில்லை. பேனாவை எடுத்துத் தள்ளி வைக்கவும் இல்லை.

“வெளிய போய் அவர்கிட்ட சொல்லிடுவியா?”

“சொல்லிடுவேன்.”

“நான் இங்க உட்கார்ந்திருக்கறப்பவே?”

“உங்களுக்கு இஷ்டம்னா கூட வாங்க, ப்ரோஃபே. இல்லைன்னா நான் மட்டும் போறேன்.”

அவர் எழவில்லை. நாற்காலியில் அவர் முதுகுக்கு வைத்திருந்த சிறு மெத்தை நழுவிக் கீழே விழப் பார்த்தது. மரிசெல் சுற்றிப் போய் அதைத் தூக்கி, அவர் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் சரியாகச் செருகினாள். அவர் சாய்ந்துகொண்டார். அவள் கையை ஒரு கணம் தட்டிக்கொடுத்தார்.

“மகளே” என்றார்.

அவர் அதற்கு மேல் ஏதும் சொல்வதற்குள் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஈரத்தில் ஊதிப்போன கதவு முதல் இழுப்புக்கு வரவில்லை. இரண்டாவது இழுப்புக்குத் திறந்தது. அவள் ஹசிந்தோவைத் தேடி வெளியே நடந்தாள்.